வீட்டை அறை அறையாகக் கொடுங்கள்: புதிதாக வந்த ஆண் நாய் உள்ளே காலைத் தூக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செவலை எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பொழுது சாய்வதற்குள் ஏழு இடத்தில் காலைத் தூக்கிவிட்டான். வாசலை ஒட்டிய தார்சாவில் இரண்டு மரத்தூண், நடுக்கூடமான பட்டாசலின் கதவு நிலை, நார்க்கட்டிலின் கால், பைக்கின் பின்சக்கரம், காலையில்தான் வந்து இறங்கிய கேஸ் சிலிண்டர். கடைசியாக, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஆச்சியின் பத்தமடைப் பாய். வயது நாலு இருக்கும். சிப்பிப்பாறை நாட்டுநாய்க் கலப்பு. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில் காவல் கிடந்தவன். தோட்டக்காரர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நாங்கள் இவனைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தோம்.

துணியும் வாளியுமாக நான் அலைவதைப் பார்த்து ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, அவன் தோட்டத்து நாயி. தூணப் பாத்தா தென்னமரம்னுதான நெனைப்பான்?"

எத்தனையோ வீடியோக்களில் கிடைக்காத விளக்கம் அந்த ஒரு வரியில் கிடைத்தது. வெளியிலேயே வளர்ந்த நாய்க்கு உள், வெளி என்ற பிரிவு கிடையாது. புது இடம், புது வாசனை, புது ஆட்கள்; அங்கங்கே தன் வாசனையையும் வைத்தால்தான் அவனுக்கு நிம்மதி. அவன் மேல் பிழை இல்லை. கதவைத் திறந்து முழு வீட்டையும் ஒரே நாளில் அவன் முன்னால் விரித்துப் போட்டேன் பாருங்கள், அதுதான் பிழை. பிறகு அதைத் திரும்ப வாங்கி, அறை அறையாகக் கொடுக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நீங்கள் அந்தச் சுற்றுக்குப் போக வேண்டாம்.

முதலில்: அது எந்த வகை?

வீட்டுக்குள் மூத்திரம் கண்டால் உடனே கோபப்படாமல், எங்கே, எவ்வளவு என்று பாருங்கள். தூண், கட்டில் கால், நிலை, மூட்டை என்று நிற்கிற பொருளின் மேல் ஒரு கை அளவு தெளித்திருந்தால் அது எல்லை வைப்பது, மார்க்கிங் என்பார்கள். வெளியே போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடத்திலும் அதைச் செய்வான், ஏனென்றால் மூத்திரப்பை நிறைந்ததால் வருவதில்லை அது. தரை நடுவில் குளமாக நின்றால் அவனால் அடக்க முடியவில்லை, அல்லது நீங்கள் நேரத்துக்கு வெளியே விடவில்லை. நீங்கள் குனியும்போதோ சத்தம் போடும்போதோ உடம்பைக் குறுக்கிக்கொண்டு சொட்டவிட்டால் அது பயம். பயத்தில் போகிற நாயைத் திட்டினால் இன்னும் போகும். தூங்கிய இடம் நனைந்திருந்தால் நேரே டாக்டரிடம் போங்கள்.

இந்த வழிகாட்டி முதல் வகைக்கானது. ஆனால் முதல் வகை என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

டாக்டரைப் பார்த்துவிடுங்கள்

மூத்திரப் பாதையில் கிருமித் தொற்று, பையில் கல், காயடிக்காத வயதான ஆண் நாய்க்கு வருகிற புராஸ்டேட் சுரப்பி வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பார்ப்பதற்கு மார்க்கிங் போலவே இருக்கும். தண்ணீர் அதிகமாகக் குடித்து அதிகமாகப் போனால் சர்க்கரை, சிறுநீரகம் இரண்டையும் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் நாய்க்கு உண்ணி இல்லாமல் இராது. உண்ணிக் காய்ச்சலில் ஒரு வகை சிவப்பணுக்களை உடைத்து, மூத்திரத்தைக் கடுங்காப்பி நிறத்துக்குக் கொண்டுபோகும். முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டு வரவில்லை என்றால் அன்றைக்கே ஓடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

காலை முதல் மூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும். எப்படிப் பிடிப்பது? பழைய குழம்புக் கரண்டி ஒன்றைக் குச்சியில் கட்டி, அவன் காலைத் தூக்கியதும் பின்னாலிருந்து நீட்டுங்கள். பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். பிடித்ததைக் கழுவிக் காய்ந்த பாட்டிலில் ஊற்றிச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகம் உண்டு. வெறிநாய்த் தடுப்பூசியையும் குடற்புழு மருந்தையும் அதே நடையில் முடித்துக்கொள்ளலாம். தெருவிலிருந்து எடுத்த நாய் என்றால் காது நுனியைப் பாருங்கள்: வெட்டு இருந்தால் ஏற்கெனவே கருத்தடை ஆனது என்று அர்த்தம்.

பழைய வாசனையை ஒழிப்பது

உங்கள் மூக்குக்கு நாற்றம் போனால் போதாது, அவன் மூக்குக்குப் போக வேண்டும். வாசனை மிச்சம் இருக்கிற வரைக்கும் அங்கேயே புதுப்பித்துக்கொண்டிருப்பான்.

இடங்களைக் கண்டுபிடிக்க யுவி டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 365 முதல் 395 நானோமீட்டர் என்று போட்டிருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் காய்ந்த மூத்திரம் மங்கிய மஞ்சளாகவோ பச்சையாகவோ மின்னும். துவைக்கிற சோப்புத்தூளும் மின்னும், அதனால் சந்தேகம் வந்தால் குனிந்து மோந்து பாருங்கள், வேறு வழி இல்லை. இன்னொன்று, தேளும் இந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். நெல் மூட்டை வைக்கிற உள் அறையான எங்கள் அரங்குவீட்டு மூலையில் ஒன்று அப்படித்தான் அகப்பட்டது. அந்த டார்ச்சின் மேல் ஆச்சிக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஈரமாக இருந்தால் பழைய துணியை வைத்து அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்த்தால் பரவும். தண்ணீர் விட்டுத் துடைத்த பிறகு, நாய் மூத்திரத்துக்கென்று விற்கிற என்சைம் திரவத்தை ஊற்றுங்கள். தெளித்த கையோடு துடைத்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. அது பத்துப் பதினைந்து நிமிடமாவது ஈரமாகக் கிடந்தால்தான் வேலை செய்யும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும்.

பினாயில் வேண்டாம். அது வாசனையின் மேல் வாசனையைப் பூசுகிறது, அவ்வளவுதான். அடியில் இருப்பது அவனுக்குத் தெரியும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் கண்ணும் மூச்சும் எரிகிற ஆவி கிளம்பும், அதுவும் கூடாது. வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து டைல்ஸ் தரையில் பயன்படுத்தலாம். மொசைக், மார்பிள், கடப்பாக்கல் தரைக்கு வினிகரோ எலுமிச்சையோ பட்டால் பளபளப்பு போய்விடும். எங்கள் அடுக்களை மேடையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. சுண்ணாம்பு பூசிய பழைய சுவர் மூத்திரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு சாரல் காலத்தில் திரும்ப விடும். அங்கே திரவம் போட்டு, நன்றாகக் காயவிட்டு, மேலே ஒரு கோட்டு பெயின்ட் அடிப்பதுதான் தீர்வு. கோரைப்பாயைக் காப்பாற்ற முடியாது என்பது என் அனுபவம். ஆச்சிக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். அதைச் சுருட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள்.

எந்த அறையில் தொடங்குவது?

நான் முதலில் அவனைத் தார்சாவில் கட்டினேன். வாசலுக்குப் பக்கம், காற்று வரும், கழுவ லேசு என்று நினைத்தேன். ஆனால் கம்பிக் கதவுக்கு வெளியே தெருநாய்கள் போகும் வரும், வாசல் தூணில் காலைத் தூக்கிவிட்டுப் போகும். அவன் உள்ளே நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தான். அதனால் தெருவைப் பார்த்த அறையில் தொடங்காதீர்கள். வீட்டின் பின்பக்கம், புறவாசல் கதவுக்கு அருகில், ஆள் நடமாட்டம் உள்ள சின்ன இடம்தான் சரி. எங்களுக்கு அது அடுக்களையை ஒட்டிய பின்கட்டு. அங்கே அவன் படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், கடிக்க ஒரு பொருள். சாக்கு, செருப்பு, கூடை எதுவும் தரையில் இல்லை.

முதல் வாரம் அவன் உலகம் அவ்வளவுதான். தனியாகப் பூட்டி வைப்பது என்று புரிந்துகொள்ளாதீர்கள். தனிமையில் அழுகிற நாய் இன்னும் அதிகமாகத் தெளிக்கும். நீங்கள் அடுக்களையில் நின்றால் அவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேறு அறைக்குக் கூட்டிப்போனால் ஆறடி வாரை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணில் படாமல் அவனால் காலைத் தூக்க முடியாது.

ஏழு நாள் தொடர்ந்து ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை என்றால் அடுத்த அறை. இடையில் விழுந்தால் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. நாங்கள் போன வரிசை: பின்கட்டு, அடுக்களை, பட்டாசல், கடைசியில் தார்சா. பட்டாசலில் நான்கு தடவை ஒன்றாம் நாளுக்குத் திரும்பினேன். தார்சாவுக்கு ஏழு போதாது என்று பதினான்கு நாள் வைத்தேன்.

புது அறையைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வெளியே கூட்டிப்போய்ப் பையைக் காலி செய்யவைத்துவிட்டு, வாரோடு உள்ளே கூட்டி வாருங்கள். சுற்றி மோந்து பார்க்க விடுங்கள். அவன் முன்பு தெளித்த மூலையில் உட்கார்ந்து அவனுக்குச் சாப்பாடு வையுங்கள். தின்கிற இடத்திலும் படுக்கிற இடத்திலும் பெரும்பாலான நாய்கள் காலைத் தூக்கத் தயங்கும். பட்டாசல் நிலைக்குக் கீழே மூன்று நாள் அவன் சோற்றுக் கிண்ணம் இருந்தது. வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். நிலை தப்பித்தது.

வெளியே ஒரு நல்ல இடம்

உள்ளே கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது, எங்கே என்றும் சொல்ல வேண்டும். புறவாசலில் இரண்டடி உயரத்தில் ஒரு பனந்தடியை நட்டேன். முதல் நாள், உள்ளே துடைத்த துணியை அதன் அடியில் தேய்த்துவைத்தேன். இரண்டாம் நாளே அதை அவன் எடுத்துக்கொண்டான்.

விடிந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்தில், தூங்கி எழுந்ததும், விருந்தாளி வருவதற்கு முன்பும் வந்த பிறகும், இரவு படுக்கும் முன், இத்தனை தடவை தொடக்கத்தில் அங்கே கூட்டிப்போங்கள். ஒரே வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் "போயிட்டு வா" என்போம். அவன் காலை இறக்கிய அந்த நொடியில் கையில் உள்ள தீனியைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி என்று கணக்குப் போடுவான். வேகவைத்த கோழி ஈரல், முட்டைத் துண்டு நல்லது. கருவாடு வேண்டாம்: உப்பு அதிகம், தண்ணீரைக் குடித்துக் குடித்து உங்கள் வேலையைக் கூட்டுவான். அல்வாவும் வேண்டாம், ஊர்ப் பெருமையை நாயிடம் காட்ட வேண்டியதில்லை.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். குறைவாகக் குடித்தால் குறைவாகப் போவான் என்று எங்களுக்கும் யோசனை சொன்னார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது கொடுமை, கல் உண்டாகவும் வழி. மத்தியான நடையையும் விட்டுவிடுங்கள். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் அவன் பாதத்துக்கும் ஆகாது. காலையும் மாலையும் நடக்கும்போது மோப்பம் பிடிக்க விடுங்கள். நாலு கம்பத்தில் நின்று வருகிறவனுக்கு வீட்டுத் தூணில் சொல்ல அவ்வளவு சேதி இருக்காது.

கையும் களவுமாகப் பிடித்தால்

காலைத் தூக்குமுன் அவன் ஒரு இடத்தையே அழுத்தி மோப்பம் பிடிப்பான், நாக்கால் தொடுவான், பிறகு உடம்பைப் பக்கவாட்டில் திருப்புவான். அந்தத் திருப்பம்தான் உங்கள் நேரம். கையைத் தட்டி, சாதாரணக் குரலில் பெயரைக் கூப்பிட்டு, புறவாசலுக்கு ஓடுங்கள். அங்கே போனால் தீனி.

பாதியில் பிடித்தாலும் அதேதான். முடித்துவிட்ட பிறகு பார்த்தால் ஒன்றும் செய்யாதீர்கள், துடையுங்கள். துடைப்பத்தால் அடிப்பது, மூக்கைத் தேய்ப்பது, மிளகாய்ப்பொடி தூவுவது எல்லாம் நம் பக்கம் சொல்கிற வைத்தியங்கள்தான். அடி வாங்கிய நாய் ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: உங்கள் முன்னால் செய்யக் கூடாது. பிறகு கட்டிலுக்குப் பின்னால், நெல் மூட்டைக்குப் பின்னால் தேடிப்போய்ச் செய்யும். பயம் கூடினால் தெளிப்பதும் கூடும். நானும் இரண்டாம் நாள் ஒரு தட்டுத் தட்டினேன், மறைக்கவில்லை. அடுத்த இரண்டு நாள் நான் வாளியை எடுத்தாலே அவன் ஒடுங்கினான்.

எது தூண்டுகிறது?

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பத்து நாளில் எனக்குப் புரிந்தது: பாதிக்கு மேல் சாயங்காலம் ஏழரைக்கு. என் வீட்டுக்காரர் பைக்கை நடைக்குள் ஏற்றுகிற நேரம் அது. ஊரெல்லாம் சுற்றி வந்த சக்கரத்தில் எத்தனை தெருநாய்களின் மூத்திரம் இருக்குமோ! சக்கரத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே ஏற்றத் தொடங்கியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, அவனை வாரில் பிடித்து மோந்து பார்க்கவைத்து, வெளியே கூட்டிப்போவோம். விருந்தாளியின் பை, செருப்பு, சந்தையிலிருந்து வந்த சாக்கு எல்லாம் மேலே ஏறட்டும். வாசல் தூணின் வெளிப்பக்கத்தையும் அதே என்சைம் திரவத்தால் கழுவுங்கள். கம்பிக் கதவின் கீழ்ப் பாதியைத் தகடோ ஓலையோ வைத்து மறைத்தால் தெரு அவன் கண்ணிலிருந்து போய்விடும்.

காயடிப்பது

எங்கள் வளவில் இதற்கு ஒரு மாநாடே நடந்தது. "காயடிச்சா காவல் காக்காது மதினி" என்று கொழுந்தன் அடித்துச் சொன்னார். உண்மை அப்படி இல்லை. ஆள் வந்தால் செவலை இன்றைக்கும் தெருவையே எழுப்புகிறான். காயடித்தால் பாதிக்கு மேற்பட்ட ஆண் நாய்களுக்கு வீட்டுக்குள் தெளிப்பது நன்றாகக் குறையும். முழுக்க நிற்பது அதில் ஒரு பங்குக்குத்தான். வயது கூடிவிட்டது என்பதால் பலன் குறைவதும் இல்லை. ஆனால் அறுவை முடிந்த மறுநாளே மாற்றம் எதிர்பார்க்காதீர்கள், வாரங்கள் ஆகும், சில நாய்க்கு மாதங்கள். பழகிப்போன பழக்கத்தைக் கத்தி எடுக்காது, அதற்கு மேலே சொன்ன வேலைகள் எல்லாம் வேண்டும். தையல் ஆறப் பத்துப் பதினான்கு நாள், நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. அறுவைக்குப் பிறகும் சில வாரங்கள் அவனால் குட்டிக்குத் தகப்பனாக முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காயடிக்காமல் வைத்திருந்தால் மார்கழியை நினைவில் வையுங்கள். பக்கத்தில் பெட்டை ஒன்று பருவத்துக்கு வந்தால் மூன்று வாரம் போல உங்கள் தூண்களுக்குக் கஷ்டகாலம்.

வயிற்றுப் பட்டை

வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற துணிப் பட்டை, உள்ளே ஒரு நாப்கின். பழைய துண்டில் டெய்லரிடம் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். கல்யாண வீட்டுக்கு அழைத்துப்போகும்போதோ நீங்கள் கவனிக்க முடியாத ஒரு மணி நேரத்துக்கோ உதவும். பழக்கத்தை மாற்றாது. நனைந்தால் உடனே மாற்றுங்கள், நம் வெக்கையில் புண் வந்துவிடும். இரவில் வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வயிறு ஒட்டிய நாய்களுக்கு அது இடுப்புக்கு நழுவிப்போகும். செவலை இரண்டே நிமிடத்தில் அதைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றான். முதுகு வழியாகக் கழுத்துப் பட்டையோடு ஒரு நாடா இணைத்தால் ஓரளவு நிற்கும்.

மூன்று மாதமாகியும் குறையவில்லை, அத்தோடு நடுக்கம், தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுவது என்று இருந்தால் அது பதற்றம். அதற்கு டாக்டர் தருகிற மாத்திரைகள் உண்டு. மனிதர்களின் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

திரும்ப வந்தால்

வரும். எங்களுக்குத் தெருக்கோடிக் கோயிலின் கொடை விழாவில் வந்தது. இரண்டு ராத்திரி மேளம், ஸ்பீக்கர், வெடி. மூன்றாம் நாள் காலை பட்டாசல் நிலை நனைந்திருந்தது. தீபாவளிக்கும் அப்படித்தான், ஐப்பசி மழையில் வெளியே கால் வைக்க மறுக்கிற நாட்களிலும் அப்படித்தான். மழைக்குப் பனந்தடியின் மேல் ஒரு தகரம் போட்டுக் கொடுத்தோம். வெடி நாட்களில் பின்கட்டில் ஃபேனைச் சத்தமாக ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். விழா முடிந்ததும் பின்கட்டிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன். இந்தத் தடவை தார்சா வரைக்கும் வரப் பன்னிரண்டு நாள்தான் ஆனது. அதனால் அறைக்கு ஏழு நாள் என்பதை இரண்டாம் தடவை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது செவலை வீடு முழுக்கத் திரிகிறான். அரங்குவீட்டை மட்டும் நான் இன்னும் கொடுக்கவில்லை. அங்கே நெல் மூட்டை இருக்கிறது, பரணில் புதுப் பத்தமடைப் பாய் இருக்கிறது, சாவி ஆச்சியின் முந்தானையில் இருக்கிறது.